பெரிய பொம்பளைங்களுக்கும் ஒரு சைக்கிள் போட்டி வைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வலையங்குளம் பக்கத்துல இருந்து எழுதுறேன். காலையில மல்லி பறிக்கிற வேலை, மத்தியானத்துக்கு மேல வீட்டுல தையல் மெஷின், வயசு 42. பேப்பருக்கு எழுதுறது இதுதான் முதல் தடவை. எழுத்துல தப்பு இருந்தா திருத்திக்கங்க, விஷயத்த மட்டும் குறைச்சிராதீங்க.

வருஷா வருஷம் அண்ணா பிறந்தநாள ஒட்டி மாவட்டத்துல சைக்கிள் போட்டி வைக்கிறாங்க. 13 வயசுக்குள்ள, 15 வயசுக்குள்ள, 17 வயசுக்குள்ளன்னு மூணு பிரிவு, பொம்பளப் பிள்ளைங்களுக்கு 10 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர். கியர் வண்டி கூடாது, சாதா சைக்கிள்தான், அதனாலதான் எங்கள மாதிரி வீட்டுப் பிள்ளைகளும் தைரியமா போயி நிக்குதுக. நல்ல காரியம், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா 17 முடிஞ்சா என்ன செய்யுறது? அதுக்கு மேல பிரிவே கிடையாது. அதோட அந்தப் பிள்ளைக்கும் சைக்கிளுக்கும் இருக்கிற உறவு முடிஞ்சு போச்சு. எங்க தெருவுல மட்டும் எண்ணிப் பாத்தேன், பதினொண்ணாப்புல கவர்மெண்டு குடுத்த சைக்கிள் ஏழு வீட்டுல நிக்குது, ஓட்டுறது தம்பிமாரு இல்லாட்டி யாரும் இல்ல.

எங்க வீட்டுலயும் அப்படித்தான் நின்னுச்சு. மக காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிட்டா, அவ சைக்கிள் மாட்டுக் கொட்டகை செவுத்துல சாஞ்சு கிடந்துச்சு, ஹேண்டில் பார்ல கோழி ஏறி ஒக்காரும், முன்னாடி கூடைக்குள்ள பழைய சாக்கு. ஒரு நா காட்டுக்குப் போக வேண்டிய ஷேர் ஆட்டோ வரல, பூ மொட்டு வெடிக்கிறதுக்குள்ள பறிக்கணும்ல, கொஞ்சம் லேட்டானாலும் அன்னைக்கு விலை போச்சு. என்ன செய்யுறதுன்னு தெரியாம அந்த வண்டிய எடுத்து தூசி தட்டி, பக்கத்து வீட்டுல பம்பு வாங்கி காத்தடிச்சு, செயினுக்கு மெஷின் ஆயிலு விட்டேன், தையல் மெஷினுக்கு வச்சிருக்கிறதுதான். ஏறி மிதிச்சேன். பள்ளிக்கூடத்துல ஒன்பதாப்பு படிக்கையில ரேஸ்ல ரெண்டாவதா வந்தவ நான், அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் ஏறுறேன், நடுவுல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓடிப் போச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, எதுர்காத்துன்னு சொல்லிக்கிட்டேன், காத்து இல்ல.

முதல் ஒரு வாரம் முட்டி ரெண்டும் வலிச்சு உசிரு போச்சு. எங்க வீட்டுக்காரரு முதல்ல ஊரு என்ன சொல்லும்னு முணங்குனாரு, அப்புறம் அவரே நான் மிதிக்கிறத நின்னு பாத்துட்டு, சீட்டு தணிவா இருக்கு, காலு நீளவே மாட்டேங்குது, அதான் முட்டி பிடிக்குதுன்னு ஸ்பானர எடுத்து சீட்ட மூணு விரக்கட ஒசத்தி வச்சாரு. அதுக்கப்புறம் வலி போனது போனதுதான். சீட்ட தணிச்சு வச்சுக்கிட்டு முட்டி வலின்னு வண்டிய தூக்கிப் போட்ட பொம்பளைங்க எத்தனையோ பேரு இருப்பாங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். மிதி கீழ வரும்போது காலு கிட்டத்தட்ட நீளணும், லேசா மடங்கியிருந்தா போதும்.

என் மக உடற்கல்வி படிக்கிறா. தீபாவளிக்கு வந்தவ நான் வண்டியில போறதப் பாத்துட்டு, "ம்மா, ஒனக்கு ஒருத்தவுகளப் பத்திச் சொல்லணும்"னு ராத்திரி ஒக்காத்தி வச்சு சொன்னா. வருஷம், தூரம், நேரமெல்லாம் நோட்டுப் பேப்பர்ல எழுதியும் குடுத்துட்டுப் போனா. அத மெஷின் மேல ஒட்டி வச்சிருக்கேன். இப்ப அதப் பாத்துத்தான் எழுதுறேன்.

அவங்க பேரு பெரில் பர்ட்டன். இங்கிலாந்துல யார்க்ஷயர் பக்கம், லீட்ஸ் ஊரு, பொறந்தது 1937. பதினோரு வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்துருக்கு. எங்க ஊர்லயும் ஒரு பிள்ளைக்கு அந்தக் காய்ச்சல் வந்து, மூட்டுல ஆரம்பிச்சு நெஞ்சு வரைக்கும் போயிருச்சுன்னு இன்னைக்கும் 21 நாளைக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி போட்டுக்கிட்டு வருது, அதனால அது என்னான்னு எனக்குத் தெரியும். பெரிலம்மா ஒன்பது மாசம் ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க, அப்புறம் 15 மாசம் இன்னொரு இடத்துல வச்சு ஒடம்பத் தேத்தியிருக்காங்க, ஒடம்ப வருத்துற வேலை எதுவும் கூடாதுன்னு டாக்டருங்க சொல்லி அனுப்பியிருக்காங்க. அந்தப் பிள்ளை வளந்து 1955ல சார்லிங்கிறவர கல்யாணம் முடிக்குது. அவரு சைக்கிள் கிளப்புல ஓட்டுறவரு, அவரு பழக்கிக் குடுத்ததுதான் இவங்களுக்கு ரேஸு. 1956ல ஒரு பொம்பளப் பிள்ளை பொறக்குது. பிள்ளை பொறந்த மறுவருஷம் 100 மைல் போட்டியில அந்த நாட்டுலயே ரெண்டாவது.

இந்த இடத்துல நான் மகள நிறுத்தி, "திரும்பச் சொல்லுடி"ன்னு கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சவங்க. பிள்ளை பெத்தவங்க. நம்ம ஊர்ல எந்த வயசுல வண்டிய விட்டு எறங்கச் சொல்றமோ அந்த வயசுல அவங்க ஏறியிருக்காங்க.

அதுக்கப்புறம் நடந்தத அடுக்கிச் சொன்னா நம்ப முடியாது. 1960லயும் 1967லயும் ரோடு ரேஸ்ல உலக சாம்பியன். டிராக்ல பர்சூட்டுன்னு ஒண்ணு, ரெண்டு பேரு எதுரெதுர் பக்கம் நின்னு கிளம்பி தொரத்துறது, அதுல அஞ்சு தடவை உலக சாம்பியன். உள்நாட்டுல 25, 50, 100 மைல் போட்டிகளோட வேகத்தையெல்லாம் சேத்துக் கணக்குப் போட்டு வருஷத்துக்கு ஒரு சிறந்த வீராங்கனையத் தேர்ந்தெடுக்குறாங்க, பெஸ்ட் பிரிட்டிஷ் ஆல் ரவுண்டர்னு. அத 1959ல இருந்து 1983 வரைக்கும், விடாம 25 வருஷம், ஒரே ஆளு வாங்கியிருக்காங்க. கடைசியா வாங்கும்போது அவங்க வயசு 46. என்னைவிட நாலு வயசு மூத்தவங்களா இருக்கையில.

இத்தனைக்கும் அவங்க சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டுனவங்க இல்ல. ராலே கம்பெனி கூப்பிட்டுக்கூட போகல, எங்க அப்பா வச்சிருந்த அதே ராலேதான், கடைசி வரைக்கும் அமெச்சூராவே இருந்துட்டாங்க. சோத்துக்கு என்ன பண்ணுனாங்கன்னா தோட்ட வேலை. ரூபார்ப்னு ஒரு செடி, செவப்புத் தண்டு, புளிக்கும், அங்க அதுல இனிப்புப் பண்டம் செய்யுறாங்க. அந்தத் தோட்டத்துக்காரரு நிம் கார்லைன்ங்கிறவரும் அவங்களோட மோர்லி கிளப்புல சைக்கிள் ஓட்டுனவரு. அந்தப் பக்கம் குளிர் காலத்துல ரூபார்ப்ப இருட்டுக் கொட்டகைக்குள்ள வளத்து மெழுகுவத்தி வெளிச்சத்துல பறிப்பாங்களாம். நாங்க விடியாம நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டு மல்லிச் செடிக்குள்ள குனிஞ்சு நிக்கிறப்ப எனக்கு இப்பல்லாம் அது ஞாபகம் வருது. குனிஞ்சு நிமிந்து, கிழங்கு வெட்டி, மூட்ட தூக்கி, அந்த ஒடம்போடதான் ஞாயித்துக்கிழமை போயி ரேஸ் ஓட்டியிருக்காங்க. இந்த வேலை செய்யுற ஒடம்பு எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். சாயங்காலம் இடுப்பு நிமிராது, ஆனா அந்த இடுப்புக்குள்ள பலம் கிடக்குது, அத யாரும் கேட்டதில்ல.

இப்ப 1967 செப்டம்பர்ல நடந்தத எழுதியே ஆகணும். அது 12 மணி நேரப் போட்டி. யாரு முதல்ல கோட்டத் தொடுறாங்கங்கிறது இல்ல, 12 மணி நேரத்துல யாரு எம்புட்டு தூரம் போறாங்கங்கிறதுதான் கணக்கு. ஒவ்வொருத்தரா நிமிஷ இடைவெளி விட்டு அனுப்புவாங்க, யாரும் யாரு பின்னாடியும் ஒட்டிக்கிட்டுப் போகக் கூடாது, தனியா காத்தக் கிழிச்சுக்கிட்டு போகணும். ஆம்பளைங்கள முதல்ல அனுப்பிட்டு பொம்பளைங்கள பின்னாடி அனுப்புனாங்க. பெரிலம்மா ஒவ்வொரு ஆம்பளையா பிடிச்சுத் தாண்டிக்கிட்டே போறாங்க. கடைசியில மைக் மெக்நமாரா மட்டும்தான் முன்னாடி. அவரும் லேசுப்பட்ட ஆளு இல்ல, அன்னைக்கு ஆம்பளைங்க ரெக்கார்ட ஒடச்சுக்கிட்டு இருந்த மனுசன். பல மணி நேரம் மிதிச்சு, அவர் முதுகு கண்ணுக்குத் தெரிஞ்சு, கிட்ட வந்து, பக்கத்துல வந்துட்டாங்க. அவரத் தாண்டுற நேரத்துல என்ன செய்யுறதுன்னு அவங்களுக்கே ஒரு சங்கடம், பாவம் இந்த ஆளு இப்படி ஓட்டியும் நம்ம தாண்டுறமேன்னு. பைக்குள்ள கைய விட்டு ஒரு மிட்டாய எடுத்து நீட்டி வேணுமான்னு கேட்டிருக்காங்க. அவரும் வாங்கி வாயில போட்டுக்கிட்டாரு. இவங்க தாண்டிப் போயிட்டாங்க.

அது அதிமதுரம் போட்ட மிட்டாயாம். நம்ம நாட்டு மருந்துக் கடையில தொண்டைக்கு வாங்குவமே, அந்த அதிமதுரம்.

முடிவுல அவரு 276.52 மைல், இவங்க 277.25 மைல். நம்ம கணக்குல 446 கிலோமீட்டர். மதுரையில காலை ஆறு மணிக்கு ஏறுனா சாயங்காலம் ஆறு மணிக்கு செங்கல்பட்டத் தாண்டியிருப்போம், காலால மிதிச்சு. மணிக்கு 37 கிலோமீட்டர், டிவிஎஸ் எக்ஸெல் போற வேகம், 12 மணி நேரத்துக்கும் சேத்து. வித்தியாசம் ஒரு கிலோமீட்டர் சொச்சந்தான், ஆனா ஒரு பொம்பளை ஓட்டுன தூரத்த ரெண்டு வருஷத்துக்கு எந்த ஆம்பளையும் ஓட்டல, 1969லதான் தாண்டுனாங்க. பொம்பளைங்க தாண்ட 2017 ஆச்சு, சரியா 50 வருஷம். 1967ல அத ஓட்டுனப்ப பெரிலம்மாவுக்கு 30 வயசு, அவங்க மகளுக்கு 11. மறுவருஷம் 100 மைல, அதாவது மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரத்த, நாலு மணி நேரத்துக்குள்ள முடிச்சிட்டாங்க, 3 மணி 55 நிமிஷம் 5 செகண்டு.

ஒலிம்பிக் மெடல் எத்தனைன்னு மககிட்ட கேட்டேன். ஒண்ணும் இல்லங்கிறா. ஏன்னா ஒலிம்பிக்ல பொம்பளைங்களுக்கு சைக்கிள் போட்டியே 1984லதான் வச்சாங்க, லாஸ் ஏஞ்சலஸ்ல. ஆம்பளைங்களுக்கு 1896லயே இருக்கு. 1984ல பெரிலம்மாவுக்கு 47 வயசு. இவங்களுக்குப் பலம் இருந்த காலம் பூரா பிரிவு இல்ல, பிரிவு வந்தப்ப வயசு போச்சு. ஐயா, நான் இந்த லெட்டர் எழுதுறதே இதுக்காகத்தான். ஆளு இல்லாம போட்டி வைக்காம இல்ல, போட்டி வைக்காததாலதான் ஆளு இல்லாத மாதிரி தெரியுது.

அவங்கள தெய்வமாக்கி எழுதவும் எனக்கு இஷ்டமில்ல. அவங்க மக டெனிஸும் பெரிய வீராங்கனையா வந்தா, 1975ல பர்சூட்ல உலக அளவுல வெண்கலம். 1976ல தேசிய ரோடு ரேஸ்ல அம்மாவும் மகளும் ஒண்ணா ஓட்டி, கடைசி ஓட்டத்துல மக ஜெயிச்சிட்டா. மேடையில அம்மா மகளுக்கு கை குடுக்கல. மக முன்னாடி வந்து காத்து வாங்கி இழுக்காம பின்னாடியே ஒட்டி வந்து கடைசியில தாண்டிட்டான்னு கோவம். எனக்கு இது பிடிக்கவே இல்ல, என் மகளா இருந்தா தூக்கிச் சுத்தியிருப்பேன். என் மககிட்டயும் சொன்னேன். அவ, "ம்மா, அவங்க அன்னைக்கு அம்மாவா போகல, ஓட்டுறதுக்குப் போயிருந்தாங்க"ன்னா. ரெண்டு நாளா அதையே யோசிச்சேன். ஜெயிக்கணும்னு அம்புட்டு ஆசை 39 வயசுப் பொம்பளைக்கு இருக்கலாம்ங்கிறதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பிடிக்கலதான், ஆனா மறக்க முடியல.

1996 மே மாசம் 5ந் தேதி, தன்னோட 59வது பிறந்தநாளுக்கு அழைப்பு குடுக்க சைக்கிள்ல போயிக்கிட்டு இருக்கையில நெஞ்சு நின்னு எறந்துட்டாங்க. பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்துச்சு.

இப்ப நம்ம ஊருக்கு வாரேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிராமத்துத் திருவிழாவுல சைக்கிள் போட்டின்னு மைக்ல சொன்னாங்க, நானும் போயி பேரு குடுக்கலாமான்னு கேட்டேன். பேரு எழுதுனவரு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "யக்கா, ஒங்களுக்குக் கோலப்போட்டி இருக்கு, அங்கிட்டுப் போங்க"ன்னாரு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. கோலத்துல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல, மார்கழிக்கு எங்க வாசல வந்து பாருங்க. ஆனா கேட்டது சைக்கிள். அன்னைக்கு பதில் சொல்லத் தெரியாம வந்துட்டேன், இன்னைக்கு இருந்தா 446 கிலோமீட்டர்னு சொல்லியிருப்பேன்.

அதனால மாவட்டத்துல விளையாட்டப் பாக்குற அதிகாரிங்களுக்கு ஒங்க பேப்பர் மூலமா நான் கேக்குறது இதுதான். 18 வயசுக்கு மேல பொம்பளைங்களுக்கு ஒரு பிரிவு, 35க்கு மேல ஒரு பிரிவு. சாதா சைக்கிள், கூடை இருந்தாலும் சரி, கேரியர் இருந்தாலும் சரி. சேலையோ சுடிதாரோ அவங்கவங்க இஷ்டம், பின் சக்கரத்துக்கு வலையும் செயினுக்கு கவரும் மட்டும் இருக்கணும்னு சொல்லிருங்க. ஒரே நேரத்துல எல்லாரையும் முட்டி மோத விட வேண்டாம், அதுக்குப் பயந்தே பாதிப் பேரு வர மாட்டாங்க. அந்த இங்கிலாந்துக்காரங்க மாதிரி நிமிஷத்துக்கு ஒருத்தர அனுப்புங்க. கிளம்புற இடத்துல பின்னாடி ஒருத்தர் சீட்டப் பிடிச்சுக்கணும், ஒருத்தர் வாட்ச்சப் பாத்து விரல மடக்கி எண்ணணும், திரும்புற இடத்துல ஒருத்தர் நிக்கணும், கடைசியில நேரத்த எழுத ஒருத்தர். அம்புட்டுதான் செலவு. யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு பாக்குறவங்களுக்கே தெரியாது, அதனால கூச்சமும் வராது, நம்மளும் வாட்ச்சும்தான். போன தடவைக்கு இந்தத் தடவை ஒரு நிமிஷம் குறைஞ்சுச்சான்னு பாத்துக்கலாம்.

இடமும் யோசிச்சு வச்சிருக்கேன். நத்தம் ரோட்டு மேம்பாலம் தல்லாகுளத்துல இருந்து 7.3 கிலோமீட்டர், போயித் திரும்புனா 14 கிலோமீட்டருக்கு மேல. மேல நாய்த் தொல்லை இல்ல, குறுக்க வார ஆட்டோ இல்ல, பள்ளம் மேடு கம்மி. ஒரு ஞாயித்துக்கிழமை விடிகாலையில ஒரு பக்கத்த மட்டும் ஒரு மணி நேரம் மறிச்சுக் குடுத்தா போதும், போலீஸ் ஐயாமாரு மனசு வைக்கணும். ரிங் ரோட்டுல மட்டும் வேண்டாம், லாரிக்காரங்க ஓரத்துல போறவங்கள கண்டுக்கிறதே இல்ல, நான் தினமும் ரெண்டு கிலோமீட்டர் அந்தப் பயத்துலதான் போறேன். மாசம் மார்கழி, தை. வெயிலும் இல்ல, பனியில மல்லி வரத்து கொறஞ்சு போயி எங்களுக்கும் காட்டுல வேலை இருக்காது, அப்ப வைச்சா எங்க ஜனம் வரும். சித்திரையில வைச்சுட்டு கூட்டமே வரலன்னு சொல்லிராதீங்க.

ஒங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும் ஐயா. போட்டி முடிஞ்சா முதல் மூணு பேர மட்டும் போட்டு முடிச்சிராம, வந்த எல்லாரு பேரும் அவங்க எடுத்த நேரமும் பொடி எழுத்துலயாவது போடுங்க. பதினேழாவதா வந்த பொம்பளை அத வெட்டி பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைப்பா, மறுவருஷம் அந்த நேரத்த விட கொறைக்கணும்னு ஓட்டுவா. பெரிலம்மாவப் பத்தியும் ஒரு ஞாயித்துக்கிழமை மலர்ல படத்தோட போடுங்க. அவங்க படம் எங்க காட்டுல பூ பறிக்கிற பதினொரு பேருல ஒருத்தர்கூட பாத்ததில்ல, நான் சொல்லித்தான் தெரியும். சொன்னப்ப அதுல மூத்தவங்க, எங்க பெரியம்மா, அறுபது வயசுக்கு மேல, பறிச்ச கைய நிறுத்தாம, "அந்த மிட்டாய அவன் வாங்குனானா?"ன்னு மட்டும் கேட்டாங்க. வாங்குனாருன்னு சொன்னேன். "நல்ல பையன்"னாங்க.

காட்டுல பேசி வச்சதுல இப்போதைக்கு நாலு பேரு வாரோம்னு சொல்லியிருக்காங்க, என்னோட அஞ்சு. மூணு பேருக்கு சொந்தமா வண்டி இருக்கு, மத்தவங்களுக்கு தெருவுல சும்மா நிக்கிறதுல இருந்து எடுத்துக்கலாம். என் வண்டிக்கு முன் பிரேக் கட்டை தேஞ்சு போயி இருக்கு, அத இந்த வாரமே மாத்திர்றேன்.

இப்படிக்கு,
வாசகி,
வலையங்குளம் அருகே, மதுரை மாவட்டம்.